டிஷ்வாஷரில் தண்ணி நிக்குதா? சிகாகோவில் இருந்து ஆரம்பிப்போம்

வெளியூரில் இருக்கும் நம்ம ஆட்கள் போனில் பேசிக்கொள்ளும் விஷயம் காலத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே வருகிறது. நான் வங்கி வேலையில் மாற்றலாகி முதன்முதலாக வடக்கே வந்தபோது, 'இட்லி அரிசி எங்கே கிடைக்கும்' என்பதுதான் தலையாய பிரச்சினை. அப்புறம் கிரைண்டருக்கு பெல்ட் எங்கே மாற்றுவது என்று கேட்டார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பாரா என்று கொஞ்ச காலம் ஓடியது. 2020 ஊரடங்கில் வேலைக்கு ஆள் வராமல் போய், ஊரே டிஷ்வாஷர் வாங்கியது. அதற்குப் பிறகு இந்தக் கேள்விதான்: "எல்லாம் நல்லாத்தான் கழுவுது, ஆனா அடியில தண்ணி நிக்குது. போகவே மாட்டேங்குது. என்ன பண்றது?"

நான் பி.காம். படித்தவன். மோட்டாருக்கும் எனக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. ஆனால் உள்ளே வந்தது ஒன்று, வெளியே போகாமல் நின்றால் என்ன ஆகும் என்பது வங்கிக்காரனுக்குக் கொஞ்சம் தெரியும் :-) அந்த ஆர்வத்தில் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. இந்த இயந்திரத்தின் கதையை யார் எழுதினாலும், தண்ணீர் எப்படிப் பீய்ச்சியடிக்கிறது என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் எப்படி வெளியே போகிறது என்ற கதை தனி. அதில் ஒரு ஊரையே ஜாக்கி வைத்துத் தூக்கியிருக்கிறார்கள், ஒரு ஆற்றைத் திருப்பியிருக்கிறார்கள், 98 பேர் செத்தும் போயிருக்கிறார்கள்.

முதலில் பீய்ச்சியடிக்கும் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1850-ல் ஜோயல் ஹௌட்டன் என்ற அமெரிக்கர், கையால் சுற்றும் மரத்தொட்டி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். பாத்திரத்தின் மேல் தண்ணீர் தெறிக்கும், அவ்வளவுதான். உருப்படியான இயந்திரம் 1886-ல் வந்தது. இல்லினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்ற சின்ன ஊர். ஜோசஃபின் காக்ரேன் என்ற பெண்மணி. வீட்டில் அடிக்கடி விருந்து நடக்கும். வேலைக்காரர்கள் கழுவும்போது விலையுயர்ந்த பீங்கான் தட்டுகளின் ஓரம் பெயர்ந்துவிடுகிறது என்ற எரிச்சலில்தான் யோசிக்க ஆரம்பித்தார் என்று சொல்வார்கள். அது வசதியாக இருந்த காலத்துக் கதை. 1883-ல் கணவர் இறந்துபோனார். விட்டுப்போனதில் கையிருப்பு கொஞ்சம், கடன் நிறைய. பொழுதுபோக்காக இருந்த யோசனை அன்றிலிருந்து பிழைப்பாக ஆனது.

வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற மெக்கானிக்கின் உதவியோடு செய்தார். தட்டு, கோப்பை, சாஸர் ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்துக் கம்பிக்கூடு. அந்தக் கூடுகளை ஒரு சக்கரத்தில் பொருத்தி, செப்புக் கொதிகலனுக்குள் படுக்கவைத்தார். சக்கரம் சுற்றும்போது அடியில் இருந்து சூடான சோப்புத் தண்ணீர் பாயும். பாத்திரத்தைத் தேய்க்காமல் தண்ணீரின் வேகத்தாலேயே கழுவுவது அவருடைய யோசனை. இன்றைக்கு உங்கள் வீட்டு மெஷின் செய்வதும் அதையேதான். 1886 டிசம்பர் 28-ல் காப்புரிமை கிடைத்தது.

விற்பனைக்கு அவரே போனார். சிகாகோவின் பெரிய ஓட்டலான பால்மர் ஹவுஸ் வாங்கியது, அடுத்து ஷெர்மன் ஹவுஸ். கணவனோ தகப்பனோ கூட வராமல் ஒரு பெண் ஓட்டல் முகப்பைக் கடந்து போவதே பெரிய விஷயமாக இருந்த காலம் அது. முதலீடு கேட்டுப் போன இடங்களில், கம்பெனியை ஆண்கள் கையில் ஒப்படைக்கச் சொன்னார்களாம். கடன் விண்ணப்பங்களை வருடக்கணக்காகப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பழக்கம் அந்த நூற்றாண்டோடு போய்விடவில்லை.

1893-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி. (விவேகானந்தர் பேசிய சர்வமத மாநாடு இதை ஒட்டி நடந்ததுதான்.) அங்கே கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவியது காக்ரேன் அம்மையாரின் இயந்திரங்கள். கட்டமைப்புக்கும் உழைப்புக்கும் பரிசும் கிடைத்தது. ஓட்டல்களும் மருத்துவமனைகளும் வாங்கின. வீடுகள் மட்டும் வாங்கவில்லை.

ஏன் வாங்கவில்லை? விலை ஒரு காரணம். அவ்வளவு வெந்நீர் தருகிற கொதிகலன் வீடுகளில் இல்லாதது இன்னொரு காரணம். அதோடு, கழுவிய தண்ணீர் எங்கே போவது? ஓட்டலில் அடித்தளத்தில் கழிவுக்குழாய் இருந்தது. பல வீடுகளில் வாளியில் பிடித்துக் கொல்லையில் கொட்ட வேண்டும். இயந்திரம் கழுவிக் கொடுத்தால் மனுஷி தண்ணீர் சுமக்க வேண்டும் என்றால் யார் வாங்குவார்கள்?

நிற்க. அந்த சிகாகோ ஓட்டல்களின் அடித்தளத்தில் கழிவுக்குழாய் வந்ததே ஒரு பெரிய கதை.

சிகாகோ மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள ஊர். தட்டையான களிமண் தரை, ஏரி மட்டத்துக்குச் சில அடிகள்தான் உயரம். கழிவுநீர் வழிந்தோட வாட்டம் கிடையாது. தெருவெல்லாம் சேறு. 1854-ல் காலரா வந்து நூற்றுக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோனது. 1855-ல் எல்லிஸ் செஸ்பரோ என்ற பொறியாளரை நியமித்தார்கள். அவர் சொன்ன யோசனையை நம்ம ஊர் மாநகராட்சியில் யாராவது சொல்லியிருந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். தரையைத் தோண்டிக் குழாய் பதிக்க வாட்டம் இல்லையா? அப்படியானால் குழாயைத் தரைக்கு மேலேயே போடுங்கள். அதன் மேல் மண்ணைக் கொட்டித் தெருவை உயர்த்துங்கள். கட்டடங்களையும் அந்த உயரத்துக்குத் தூக்குங்கள்.

தூக்கினார்கள்! 1858-ல் முதல் செங்கல் கட்டடம். நான்கு மாடி. அடியில் 200 திருகு ஜாக்கிகளை வைத்து, விரிசல் விழாமல் ஆறடிக்கு மேல் உயர்த்தினார்கள். 1860-ல் லேக் தெருவில் 320 அடி நீளத்துக்கு ஒரு வரிசைக் கடைகள் மொத்தமும் ஒரே நேரத்தில் மேலே போயின. சுமார் 600 ஆட்கள், 6,000 ஜாக்கிகள். கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டே இருந்ததாம். 1861-ல் ட்ரெமான்ட் ஹவுஸ் என்ற ஓட்டலை, தங்கியிருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லாமலேயே தூக்கினார்கள். ஒரு பொருளில் தண்ணீர் வடியவில்லை என்றால் வாட்டத்தைச் சரி செய் என்பது பிளம்பரின் முதல் பாடம். ஒரு ஊரையே வைத்து அந்தப் பாடத்தை எழுதினார்கள்.

வடிந்தது எங்கே போனது? ஆற்றுக்கு. ஆறு எங்கே போனது? ஏரிக்கு. குடிதண்ணீர் எங்கே இருந்து வந்தது? அதே ஏரியிலிருந்து! இரண்டு மைல் தள்ளி ஏரிக்கடியில் சுரங்கம் வெட்டி 1867-ல் நல்ல தண்ணீர் எடுத்தார்கள். அதுவும் போதாமல், 1900 ஜனவரியில் கால்வாய் திறந்து சிகாகோ ஆற்றின் போக்கையே திருப்பினார்கள். கழிவு இப்போது மிசிசிப்பி பக்கம் போனது. கீழே இருந்த மிசௌரி மாநிலம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 1906-ல் தோற்றது. வாராக்கடனை இன்னொரு கிளையின் தலையில் கட்டுவது என்று எங்கள் துறையில் ஒன்று உண்டு. அதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் நான் பார்த்ததில்லை.

வீட்டு மெஷினுக்குத் திரும்புவோம். 1924-ல் இங்கிலாந்தில் வில்லியம் லிவன்ஸ் (முதல் உலகப் போரில் குண்டு வீசும் கருவி செய்த அதே ஆள்) முன்கதவு, கம்பித் தட்டு, சுழலும் தெளிப்பான் எல்லாம் வைத்துச் சின்ன இயந்திரம் ஒன்றைச் செய்தார். இன்றைய மெஷினின் சாடை அதில் தெரியும். 1929-ல் ஜெர்மனியின் மீலே மின்சார டிஷ்வாஷரைக் கொண்டுவந்தது. காக்ரேன் 1913-ல் காலமாகிவிட்டார். அவருடைய கம்பெனியை 1926-ல் ஹோபார்ட் வாங்கி, 1949-ல் கிச்சன்எய்ட் பெயரில் வீட்டு மெஷினை இறக்கியது. 1955-ல் கேஸ்கேட் என்ற, நுரை வராத பொடி வந்தது. நுரை வராதது சின்ன விஷயம் இல்லை. தண்ணீரைத் தள்ளுகிற பம்ப் நுரையைத் தள்ளாது, சும்மா சுற்றும். மாத்திரை தீர்ந்துவிட்டது என்று சிங்க்கில் இருக்கும் திரவ சோப்பை யாராவது ஊற்றினால், சமையலறை முழுக்க நுரை, உள்ளே தண்ணீர் அப்படியே. அப்படி ஆனால் நுரையை அள்ளி எடுத்துவிட்டு, கொஞ்சம் வினிகர் தெளித்து, வெறும் வடிகட்டலை மட்டும் ஓடவிடுங்கள்.

இப்போது 1933. மறுபடி சிகாகோ, மறுபடி உலகக் கண்காட்சி. வெளியூர்க்காரர்கள் லட்சக்கணக்கில் வந்தார்கள். ஊருக்குத் திரும்பிப் போனபின் பலருக்கு வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி. ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊரில் இருந்ததால், எங்கே ஒட்டிக்கொண்டது என்று உடனே தெரியவில்லை. குடல்வால் என்று நினைத்துச் சிலருக்கு அறுவை செய்தார்கள், அதிலேயே இறந்தவர்களும் உண்டு. கடைசியில் எல்லாரையும் இணைத்த நூல் கிடைத்தது: காங்கிரஸ், ஆடிட்டோரியம் என்ற எதிரெதிரே இருந்த இரண்டு ஓட்டல்கள். அமீபா சீதபேதி. சுமார் 1,400 பேருக்கு நோய், 98 பேர் மரணம். டெக்சஸ் கைனன் என்ற அந்தக் காலத்துப் பிரபல நடிகையும் அதில் ஒருவர். அந்த காங்கிரஸ் ஓட்டல் கட்டப்பட்டதே 1893 கண்காட்சிக்கு வரும் கூட்டத்துக்காகத்தான், அதாவது காக்ரேன் பரிசு வாங்கிய கண்காட்சிக்காக.

முதல் சந்தேகம் யார் மேல் விழுந்தது தெரியுமா? சமையலறை ஆட்கள் மேல். பரிமாறுகிறவர், சமைக்கிறவர், பாத்திரம் கழுவுகிறவர் என்று வரிசையாகப் பரிசோதித்தார்கள். அவர்களில் கிருமி இருந்தவர்களும் கிடைத்தார்கள், ஆகவே கணக்கு முடிந்தது என்று நினைத்தார்கள். ஆனால் அந்த ஆட்களும் குடித்தது அதே தண்ணீரைத்தான். பொறியாளர்கள் சுவருக்குள்ளும் அடித்தளத்திலும் பார்த்தபோதுதான் உண்மை வெளிவந்தது. ஆண்டுக்கணக்கில் இங்கே ஒட்டு, அங்கே ஒட்டு என்று போட்டுவந்த குழாய்கள். நல்ல தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் ஒன்றோடொன்று தொடுகிற இடங்கள். நல்ல தண்ணீர்க் குழாயில் அழுத்தம் குறையும் நேரத்தில், அது ஸ்ட்ரா போல மறுபக்கத்தில் உள்ளதை உறிஞ்சிக்கொள்ளும். கழிவுநீர் குடிதண்ணீரில் கலந்தது அப்படித்தான்.

இந்த இடத்தில் எனக்கு உறைத்தது ஒன்று. எங்கள் வளாகத்திலும் எந்த வீட்டில் டிஷ்வாஷர் நின்றாலும் முதல் வார்த்தை, "பென் சரியா வழிச்சுப் போடலை" என்பதுதான். (வேலைக்கு வரும் அம்மாக்களை இங்கே, அகமதாபாத்தில், 'பென்' என்றுதான் கூப்பிடுவார்கள்.) எங்கள் வீட்டு மெஷின் நின்றபோது பம்ப் மூடியைக் கழற்றினால், உள்ளே சுருண்டு கிடந்தது ஒரு ஊறுகாய் பாட்டிலின் லேபிள் காகிதம். அந்த பாட்டில் உள்ளே போனது பென் வராத ஞாயிற்றுக்கிழமை. யார் போட்டது என்று விசாரணை கமிஷன் அமைக்கலாம் என்றேன். தங்கமணி பார்த்த பார்வையில் கமிஷன் கலைக்கப்பட்டது :-)

சிகாகோவுக்குப் பிறகு அமெரிக்காவில் குழாய் விதிமுறைகள் இறுகின. அடிப்படை எளிமையானது. நல்ல தண்ணீர்க் குழாயின் வாய், அழுக்குத் தண்ணீரை எந்தக் காலத்திலும் தொடக்கூடாது. நடுவில் காற்று இருக்க வேண்டும். காற்றைத் தாண்டி எதையும் உறிஞ்ச முடியாதல்லவா? கலிஃபோர்னியாவில் வீடு பார்த்தவர்களுக்குத் தெரியும், சிங்க் பக்கத்தில் கட்டைவிரல் மாதிரி ஒரு குரோம் குப்பி நிற்கும். ஃப்ரீமாண்டில் இருக்கும் என் சித்தப்பா மகள், "அண்ணா, இது சோப்பு வைக்கிறதுக்கா?" என்று கேட்டாள். அதுதான் அந்தக் காற்று இடைவெளி. டிஷ்வாஷரின் கழிவு மேலே ஏறி, அந்தக் குப்பிக்குள் காற்றைத் தாண்டி விழுந்து, அடுத்த குழாயில் போகிறது. குப்பியின் வாயில் தண்ணீர் கொப்பளித்தால் மெஷினைக் குற்றம் சொல்லாதீர்கள், குப்பிக்கு அடுத்த குழாயில்தான் அடைப்பு.

அமெரிக்க வாசகர்களுக்கு இன்னொன்று. சிங்க்குக்கு அடியில் உணவுக் கழிவை அரைக்கும் எந்திரம் இருக்குமே, விஸ்கான்சினில் ஜான் ஹேம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927-ல் யோசித்தது. நியூயார்க் நகரம் சாக்கடைக்கு ஆகாது என்று 1997 வரை அதைத் தடை செய்தே வைத்திருந்தது. புதிதாக மாற்றினால், டிஷ்வாஷர் குழாய் சேரும் வாயில் உள்ளே ஒரு அடைப்பான் இருக்கும். அதைத் தட்டி எடுத்த பிறகுதான் குழாயை மாட்ட வேண்டும். புது அரவை போட்ட அன்றே தண்ணீர் நின்றால் முதலில் அங்கே பாருங்கள்.

நம் நாட்டு வீடுகளில் குப்பியும் இல்லை, அரவையும் இல்லை. குஜராத் வீடுகளில் சமையலறையை ஒட்டி 'சோக்டி' என்று ஒரு கழுவும் இடம் இருக்கும், நம்ம ஊர்த் தொட்டிமுற்றத்தின் தங்கச்சி. (இங்கிருந்து ஓரிரு மணி நேரப் பயணத்தில் லோதல் இருக்கிறது. 4,000 வருடத்துக்கு முந்தைய குளியல் மேடைகளும் அவற்றை இணைக்கும் செங்கல் சாக்கடையும் இன்னும் வாட்டத்தோடு கிடக்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.) டிஷ்வாஷர் மாட்ட வருகிறவர் அந்த சோக்டி ஓட்டையிலோ, சிங்க் குழாயிலோ ஹோஸைச் சொருகிவிட்டுப் போய்விடுவார். அங்கேதான் பாதி வியாதி.

ஹோஸ் மெஷினில் இருந்து புறப்பட்டு, மேடையின் அடிப்பக்கம் வரை மேலே ஏறி, பிறகுதான் கீழே இறங்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் சிங்க் அடைத்துக்கொண்ட நாளில் சிங்க் தண்ணீர் நேராக உங்கள் தட்டுகளுக்குள் வந்து நிற்கும். பலர் 'மெஷின் வடிக்கவில்லை' என்று சொல்வது பல நேரம் இதுதான். மெஷின் வடித்தது, சிங்க் திருப்பிக் கொடுத்தது! அதற்காக ரொம்ப உயரத்துக்கும் கட்டக்கூடாது. ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு மேல் அந்தச் சின்ன பம்ப் தள்ளாது. மெஷினைச் சுவரோடு தள்ளும்போது ஹோஸ் பின்னால் மடங்கிக்கொள்வதும் அடிக்கடி நடப்பது.

மற்றபடி வேலை எளிது. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், இதில் சமரசம் வேண்டாம். தண்ணீரை டம்ளரால் மொண்டு எடுங்கள். அடியில் உள்ள வடிகட்டியைத் திருகி எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். நம் வீடுகளில் கிடைப்பது கடுகு, கறிவேப்பிலை நடுக்காம்பு, தேங்காய் நார், நெய்ப் பிசுக்கு. வடிகட்டிக்குக் கீழே குழியில் பம்ப் மூடி இருக்கும். உடைந்த கண்ணாடித் துண்டு கிடக்கலாம், வெறும் கையை விடாதீர்கள். மூடியை எடுத்தால் சின்ன விசிறி ஒன்று தெரியும். ஒரு குச்சியால் தள்ளிப்பாருங்கள், தடங்கலோடு சுற்ற வேண்டும். சுற்றவே இல்லையென்றால் அதில் ஏதோ சிக்கியிருக்கிறது. எல்லாம் சுத்தம், அப்படியும் நிற்கிறது என்றால் ஹோஸைக் கழற்றி ஒரு வாளியில் விட்டு வடியவிடுங்கள். வாளியில் ஜோராக வந்தால் கோளாறு உங்கள் கட்டடக் குழாயில். மெக்கானிக்கைக் கூப்பிட்டு 500, 1,000 தண்டம் அழ வேண்டாம், பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் உள்ளே வருகிற பக்கம் இப்போதைய மெஷின்கள் பலவற்றில் காற்று இடைவெளியை உள்ளேயே வைத்துவிடுகிறார்கள், ஆகவே மெஷினால் சிகாகோ திரும்ப வராது. பயம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நாளைக்குச் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடுகிற நம் ஊர்களில், மற்ற நேரத்தில் குழாயில் அழுத்தமே கிடையாது. அந்த நேரத்தில் வேகம் போதவில்லை என்று மாநகராட்சிக் குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சினால், வழியில் எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே பக்கத்துச் சாக்கடையும் சேர்ந்து வரும். உங்கள் குடியிருப்பில் யாராவது அப்படி மாட்டியிருந்தால் அடுத்த கூட்டத்தில் வாயைத் திறந்து கேளுங்கள். பகை வரும். பரவாயில்லை, கேளுங்கள்.

பி.கு.: வடிகட்டிக்கு அடியில் உள்ள குழியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்கும். ரப்பர் வளையங்கள் காயாமல் இருக்க அது தேவை. அதைப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்ய வேண்டாம் :-)